பன்னீர்ச் செம்புக்குள் போன சென்ட்

மகனே,

நீ சுகமாகத்தான் இருப்பாய். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிற மாப்பிள்ளைக்குச் சுகத்தில் என்ன குறை வரப்போகிறது? சுகமில்லாமல் இருப்பவன் நான். டொக்டரிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டுகிற வருத்தம் இல்லை இது. வயிற்றெரிச்சல். அறுபதைத் தாண்டி, முன்பல் இரண்டு ஆடத் தொடங்கிய பிறகு, ஒரு மனிதனுக்குச் சொந்த மகனைப் பார்த்தே எரிச்சல் வருமா என்று கேட்டால், வரும். எனக்கு வந்து ஒரு வருடமாகிறது. இதைக் கல்யாணத்துக்கு முதல் உனக்குச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

விசா விஷயம் உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குக் கொடுத்தார்கள், எனக்கு இல்லையென்றார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக லண்டனுக்கு விட்டால் திரும்பி வரமாட்டோம் என்று யாரோ ஒரு துரை கணக்குப் போட்டிருப்பார். ஆகவே அவள் வருகிறாள், நான் வல்வெட்டித்துறையில் பிணையாக இருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. உன் கல்யாணத்தைப் படத்தில் பார்த்துக்கொள்வேன். ஆனால் போன கிழமை நீ வீடியோவில் அம்மாவோடு கதைத்தபோது, நான் யன்னலுக்கு வெளியே ஒரு படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா, வந்தால் ஆறு மாசமும் நிக்கவேணும். பிறகு இன்னும் நீட்டலாமோ எண்டு பாப்பம்" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா "பாப்பம், பாப்பம்" என்று சிரித்தாள். ஸ்பானர் என் கால் பெருவிரலில் விழுந்தது. நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அவள் போனால் வருவாளா, மாட்டாளா? இந்தக் கடிதத்தில் நான் வேறு எதைப் பற்றி அலம்பினாலும், அடியில் ஓடுவது அந்தக் கேள்விதான் என்று வைத்துக்கொள்.

கல்யாணத்துக்கு முன் தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிற புத்தி ஒரு சென்ட் போத்தல் கொள்ளுமளவுதான். அந்தப் போத்தலும் நீ அனுப்பியது.

போன வருடம் பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணையின் சொந்தக்காரர் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டாயே, நினைவிருக்கிறதா? இளஞ்சிவப்புக் கண்ணாடி, கழுத்தில் சின்னதாய் ஒரு குஞ்சம். பெட்டி முழுக்க இங்கிலீசு. இங்கிலீசில் நான் இரண்டாந்தரம் எழுதித்தான் சாதாரணமாகச் சித்தியடைந்தவன் என்பதால், செல்வம் அண்ணையின் மகள் தர்சினியைக் கூப்பிட்டோம். அவள் கம்பஸில் படித்த பிள்ளை. நின்ற நிலையிலேயே வாசித்தாள். மேல் வாசம் பேரிக்காயாம், நடுவில் ஒரேஞ்சுப் பூவும் மல்லிகையும், கடைசியில் வனிலாவாம். ஒரு போத்தலுக்குள் பழக்கடையும் பூக்கடையும் ஐஸ்கிரீம் கடையும் வரிசையாக இருப்பதாக நான் விளங்கிக்கொண்டேன்.

"அங்கிள், இதிலை இன்னொண்டும் போட்டுக்கிடக்கு. மூலப்பொருள் எல்லாம் பொறுப்போடை எடுத்ததாம்."

"அதெண்டால் என்ன பிள்ளை?"

"பூப் பிடுங்கிற ஆக்களுக்கு ஒழுங்கான கூலி குடுத்து, காட்டை அழிக்காமல், ஒருத்தரையும் ஏமாத்தாமல் எடுத்தது எண்டு அர்த்தம். உள்ளுக்கை இருக்கிற ஸ்பிரிட்கூட பீட்ரூட் மாதிரி ஒரு கிழங்கிலை இருந்துதானாம்."

"கேட்டியளே?" என்று உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். "ஏன், உம்மையும் நான் பொறுப்போடைதானே பருத்தித்துறையிலை இருந்து எடுத்தனான்" என்றேன்.

"ஓமோம். கலியாணம் முடிஞ்ச மற்ற நாள், பெற்றோல் இல்லாத மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்து, பாதி வழியிலை கூறைச் சேலையோடை தள்ள வைச்ச பொறுப்பு. அதையும் ஒரு பெட்டியிலை எழுதி ஒட்டுங்கோ."

தர்சினி சிரித்த சிரிப்பில் பெட்டி கீழே விழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அம்மா போத்தலை மட்டும் கையில் இருந்து விடவில்லை. தர்சினி சொல்லிக்கொடுத்தபடி காதுக்குப் பின்னால் ஒருதரம் அடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உன்னைப் பெற்று முதன்முதல் கையில் வாங்கியபோது பார்த்த முகம் அது. அந்த முகத்துக்குக் காரணம் அன்றைக்கு நானும் பாதி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இந்த முறை எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

உன் அம்மாவுக்கு வாசனைச் சாமான் ஒத்துவராது என்றுதான் நான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். கல்யாணமான புதிதில் கொழும்புக்கு எஞ்சின் சாமான் எடுக்கப் போனபோது, பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒருவனிடம் ஒரு சென்ட் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒருதரம் பூசிவிட்டு, தலையிடிக்கிறது என்று அலுமாரிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த அலுமாரிக்குள் பாச்சை பூச்சி ஒன்றும் வந்ததில்லை. பாவம், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மனுசி என்று நானும் பிறகு வாங்கவில்லை.

உன் போத்தல் வந்த அன்றைக்குத்தான் கேட்டேன், "இது தலையிடிக்கேல்லையோ?"

"அது நீங்கள் வாங்கினதுக்கு இடிச்சது."

"தம்பிக்கு எப்பிடித் தெரிஞ்சது உமக்கு உது விருப்பமெண்டு?"

"கேட்டவன். என்ன வாசம் விருப்பம் அம்மா எண்டு கேட்டவன். சொன்னனான்."

அவ்வளவுதான் விஷயம். நீ ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒரு கேள்வி கேட்டாய். நான் ஒரே பாயில் படுத்துக்கொண்டு கேட்கவில்லை. என் வயிற்றில் முதல் தீக்குச்சி உரசியது அப்போதுதான்.

பிறகு பார், ஒவ்வொரு நாளும் காலையில் முன்பள்ளிக்குப் போகுமுன் காதுக்குப் பின்னால் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. அங்கே அவள் படிப்பிக்கிற அரும்புப் பிள்ளைகள் எல்லாம் சேலையைப் பிடித்துக்கொண்டு "டீச்சர், நீங்கள் பழம் மாதிரி மணக்கிறியள்" என்கின்றனவாம். அதைச் சோறு போடும்போது என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள். மூன்று வயதுப் பிள்ளைகளோடு எரிச்சல்படுகிற ஆளும் உலகத்தில் இருக்கிறானா என்று தேடாதே, உன் அப்பன்தான். பத்துப் பன்னிரண்டு சின்னஞ்சிறுசுகள் மணந்து முடித்து, வெயிலும் வேர்வையும் தின்று முடித்து, மிச்சமாகத்தானே அவள் வீட்டுக்கு வருகிறாள்? நான் கரையிலிருந்து மண்ணெண்ணெய்க் கையோடு வரும்போது, எனக்கு மிஞ்சுவது வாசம் போன டீச்சர்.

இதற்கு மேல் ஒன்று. உனக்கு வீடியோ கோல் எடுக்கும்போதும் அடித்துக்கொள்வாள். "வீடியோவுக்குள்ளாலை மணம் போகுமோ?" என்று நக்கலாகக் கேட்டேன். "பூசினீங்களோ எண்டு அவன் கேப்பான். பிள்ளையிட்டைப் பொய் சொல்லேலுமே?" என்றாள். நீயும் கேட்பாய். அவளும் "ஓம் ராசா" என்பாள். நான் பின்னால் நின்று தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருப்பேன், அது பச்சைத் தண்ணியாகும் வரை.

இனித்தான் நான் செய்த வேலைக்கு வருகிறேன். போன மாதம் தர்சினிக்குக் கல்யாணம் நடந்தது. எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்கு ஒரே உத்தியோகம்தான் என்று உனக்குத் தெரியும். பந்தி பார்க்க விட்டால் எனக்குத் தெரிந்தவர்களுக்கு இரண்டு வடை கூடப் போய்விடும். மொய் எழுத விட்டால் கூட்டல் பிழைக்கும். ஆகவே மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டுப் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நிறுத்திவிடுவார்கள். வருகிறவர்கள் மேல் தெளிக்கவேண்டும், சிரிக்கவேண்டும். மண்ணெண்ணெய் மணக்கிற ஆளைப் பன்னீரால் மூடிவைக்கிற யோசனை அது என்று உன் அம்மா சொல்வாள்.

அன்றைக்குக் காலையில் அவளிடம் சொன்னேன், "எங்கடை தர்சினியின்ரை கலியாணம். அந்தச் சென்டை இண்டைக்குப் பூசும்."

"இல்லை. பாதிப் போத்தல்தான் கிடக்கு. இனித் தொடமாட்டன். அது தம்பியின்ரை கலியாணத்துக்கு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது சாதாரணமாக விழவில்லை. என்னோடு சோடியாகப் போகிற கல்யாணத்துக்கு இல்லை, நான் வரமுடியாத கல்யாணத்துக்குத்தான். முள் தொண்டையில் நின்ற மாதிரி அதையும் விழுங்காமல் துப்பாமல் மண்டபத்துக்குப் போனேன். அவள் முன்பள்ளியில் ஒரு கூட்டம் முடித்து, வீட்டில் சேலை மாற்றிக்கொண்டு பிறகு வருவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளை வீட்டு வான் வந்து நிற்கிற நேரம் பார்த்து, பன்னீர்ப் போத்தல் என் கையிலிருந்து வழுக்கி வாசற்படியில் சிதறியது. இது தற்செயல். சத்தியமாகத் தற்செயல். செல்வம் அண்ணை தலையில் கைவைத்தார். "ஓடிப்போய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வாடாப்பா. அவை இறங்கப் போயினம்." சந்திக் கடை திறந்திருந்தது. கண்ணாடி அலுமாரியில் பன்னீர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கடையைத் தாண்டி வீட்டுக்குப் போனேன். இது தற்செயல் இல்லை.

அந்தப் போத்தலின் மூடியைத் திருகிக் கழற்ற ஏலாது, கழுத்தில் தகரத்தை இறுக்கி நெரித்து வைத்திருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். நான் எத்தனை எஞ்சினின் கழுத்தைத் திறந்தவன்! குறட்டால் ஒரு நெம்பு. குஞ்சம் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம். பாதிப் போத்தலையும் ஒரு தண்ணிப் போத்தலுக்குள் ஊற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் பறந்தேன். செம்பில் தண்ணியோடு சேர்ந்ததும் அது கஞ்சித் தண்ணி மாதிரிக் கலங்கியது. யார் பார்க்கப்போகிறார்கள்? தெளிக்கத் தொடங்கினேன்.

முதல் ஐந்தாறு பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என் மனைவியாக மணந்துகொண்டு உள்ளே போகிறார். வான் ட்ரைவர் என் மனைவியாக மணக்கிறான். நாதஸ்வரக்காரர் வெற்றிலை துப்ப வெளியே வந்தார். அவரும் அதே. போத்தலை முடித்தால் எரிச்சல் முடியும் என்றுதானே நினைத்தேன்? இப்போது மண்டபத்தில் மீசை வைத்தவர்கள் அத்தனை பேரும் எனக்குப் போட்டியாக நிற்கிறார்கள்.

கரையில் கிழிந்த வலை பொத்துகிற கந்தையா அண்ணையைத் தெரியுமல்லவா, அவர் கன்னத்தை நீட்டினார். "என்னடாப்பா, இண்டைக்குப் பன்னீர் வெளிநாட்டுச் சாமானோ? இன்னுமொருக்கா அடி."

அடித்தேன். கையை மூக்கில் வைத்து நன்றாக இழுத்தார். "உதை நான் எங்கையோ மணந்தனான். பொறு, பொறு... ஆ, உன்ரை டீச்சர் ஒவ்வொரு நாளும் காலமை எங்கடை ஒழுங்கையாலை போகேக்கை!"

நாற்பது வருடம் மீன் நாற்றத்தில் ஊறிய மூக்கு. அதற்கு என் மனைவியின் வாசம் மனப்பாடம்! செம்பை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், கல்யாண வீடு என்று விட்டேன். அதற்குள் முன்பள்ளிப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் கதிரைகளுக்கு இடையில் மூக்கை உயர்த்திக்கொண்டு அலைந்தார்கள். "டீச்சர் எங்கை மாமா? டீச்சர் வந்திட்டாவே? மணக்குது, ஆளைக் காணேல்லை!"

அந்த நேரம் டீச்சர் வந்தாள். மாம்பழ நிறக் காஞ்சிபுரம். கழுத்தும் காதும் வெறும் பவுடர் வாசம். சமையலறை மேசையில் குறட்டையும் கழுத்து நெரிந்த போத்தலையும் நான் அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் வருகிறாள் என்று நடையிலேயே தெரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. செம்பைத் தூக்கி அவள் மேலும் இரண்டு துளி தெளித்தேன். அவள் நின்று மண்டபம் முழுவதையும் ஒருதரம் மூச்சால் இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, என்னை ஊருக்கெல்லாம் பங்குபோட்டு முடிச்சிட்டியள் போலை."

சந்தனம் எடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சேலையை மடித்தபடி கேட்டாள், "ஏன்?"

"கடை பூட்டிக்கிடந்தது."

"நான் அந்தச் சந்தியாலைதான் வந்தனான்."

இனி என்ன? "நீர் எனக்கெண்டு அதைப் பூசேல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பூசினீர், கோலுக்குப் பூசினீர், லண்டனுக்கு எண்டு எடுத்து வைச்சீர்" என்று ஒரு பிள்ளை அழுகிற மாதிரிச் சொல்லி முடித்தேன்.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு வருசமாப் பூசுறன். பிள்ளையள் சொல்லிச்சினம். பக்கத்து வீட்டிலை சொல்லிச்சினம். தம்பி ஒவ்வொரு நாளும் கேட்டான். இந்த வீட்டிலை இருக்கிற மனிசன் ஒருநாள், ஒரேயொரு நாள், 'நல்லாயிருக்கு' எண்டு சொன்னவரோ? மண்ணெண்ணெய் தவிர வேறை ஏதும் உவற்றை மூக்குக்குப் போகுதோ எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"நல்லாயிருந்தது" என்றேன்.

"சொல்லுங்கோ. ஊத்தி முடிச்ச பிறகு சொல்லுங்கோ."

மகனே, உனக்கு வரப்போகிற பிள்ளையை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. கெட்டிக்காரி என்று அம்மா சொல்கிறாள். அவள் ஏதோ பூசிக்கொண்டோ, ஏதோ உடுத்திக்கொண்டோ உன் முன்னால் வந்து நிற்பாள். ஒன்றுமே செய்யாமல் வேலையால் களைத்தும் வந்து நிற்பாள். நல்லாயிருந்தால் அந்த நேரத்திலேயே வாயைத் திறந்து சொல்லு. நானும் ஒரு வருடமாக அந்த வாசத்தின் ஒவ்வொரு துளியையும் கவனித்தவன்தான். எப்போது அடித்தாள், யாருக்காக அடித்தாள், எவ்வளவு மிச்சம் என்று உலகத்தில் என்னைப்போல் அதைக் கவனித்தவன் இல்லை. அத்தனை கவனத்தையும் முறைக்கிறதில் செலவழித்துவிட்டேன். கேள்வி கேட்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வரவில்லை. அம்மாவிடமிருந்து வந்ததாக இருக்கும். அதை ஊர் மாறினாலும் விடாதே. வேலை கூடிவிட்டது, மனைவிக்கு எல்லாம் தெரியும், என்று சொல்லிக்கொண்டு அது மெல்லப் போகும். எனக்கும் அப்படித்தான் போயிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆதியிலேயே இல்லாமல் இருந்திருக்கவேண்டும். எது என்று எனக்கே தெரியவில்லை.

போத்தல் கதைக்குப் பிறகு ஒரு கிழமை வீட்டில் அளந்துதான் கதை நடந்தது. நேற்று அவள் பெட்டி அடுக்கினாள். உனக்கு ஒடியல் மா, பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள். இடையிடையே துணி. நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். குளிர்ச் சட்டையை உள்ளே வைத்தாள், எடுத்தாள், இன்னொன்றையும் சேர்த்து வைத்தாள். இரண்டு குளிர்ச் சட்டை என்றால் எத்தனை மாதம் என்று என் மனம் கணக்குப் போட்டது. முன்பென்றால் அதையும் மனதுக்குள் வைத்து எரிந்துகொண்டு கரைக்குப் போயிருப்பேன்.

கேட்டேன். "எப்ப வருவீர்?"

"நான் இன்னும் போகவேயில்லை."

"இல்லை, சொல்லும்."

"தம்பி ஆறு மாசம் எண்டுறான்."

"அவன் சொல்லுறதைக் கேக்கேல்லை. நீர் என்ன சொல்லுறீர்?"

அவள் வடைப் பொதியைக் கீழே வைத்தாள். "நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு விசா வந்த நாள் முதல் பாத்துக்கொண்டிருக்கிறன். 'போட்டு வாரும்' எண்டும் இல்லை, 'போகாதையும்' எண்டும் இல்லை. எஞ்சினுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு இருக்கிறியள்."

"நான் வாரும் எண்டுறன்."

"எப்ப?"

"போனவுடனை."

அவள் சிரித்துவிட்டாள். போத்தல் கதைக்குப் பிறகு எனக்கென்று சிரித்த முதல் சிரிப்பு. "விசர் மனிசன். கலியாணம் பாத்து, அந்தப் பிள்ளையின்ரை கையாலை ஒரு வாய் சாப்பிட்டு, அதுகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் கொஞ்ச நாள் நிண்டிட்டு, அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் துவங்க முதல் வந்திடுவன். ஆறு மாசம் அங்கை நிண்டு நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

உண்மையைச் சொல்கிறேன், மகனே, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். கந்தையா அண்ணை "என்னடாப்பா, பல்லெல்லாம் தெரியுது" என்றார். நான் குனிந்து எஞ்சினைக் கழற்றத் தொடங்கினேன். அந்த மனுசனுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் தெரியும்.

ஆகவே இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அவளே உனக்குச் சொல்வாள். கல்யாணக் களை ஆறி, வீட்டில் நீங்கள் மூன்று பேரும் இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஒரு நாளில், "தம்பி, நான் போகப்போறன்" என்பாள். நீ மறிப்பாய். ஏன் அம்மா, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பாய். அவள் சரியாகப் பதில் சொல்லமாட்டாள், பள்ளிக்கூடம் என்பாள், தவணை என்பாள். அப்போது உனக்கு இங்கே தனியாகக் கிடக்கிற ஒரு கிழவனை நினைத்துப் பொறாமை வரும். வரட்டும், அதை ஆற்றாதே. உனக்கு என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இதுவரை நான் ஒன்றுமே தந்ததில்லை.

அப்பா